பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள்

கல்முனையில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றின் கவுண்டரில் 19 வருடமாக நிற்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களில் பாதிப்பேர் கார் வாங்கி இரண்டு கிழமைக்குள், உடைந்த சாமான் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு முதல்முறை வருகிறவர்கள். வாங்குவதற்கு முன் ஒரு தடவை கேட்டிருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். திருக்கோவில் முதல் வாழைச்சேனை வரை ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதிப் பதில் வைத்திருக்கிறேன்.

“கையில இருக்கிற காசுக்கு 20, 25 வருசப் பழைய கார்தான் வருது. அதை வாங்கிறது புத்தியா அண்ணே?”

ஓம், பார்த்து வாங்கினால். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின, விலையும் ஏறியது. திறந்த பிறகும் வரியைச் சேர்த்துப் பார்த்தால் புதுக்கார் ஒரு ஆசிரியருக்கோ மேசனுக்கோ எட்டுகிற உயரத்தில் இல்லை. டொயோட்டா கொரோலா 110, 121, நிசான் சனி எப்.பி. 14, 15, லான்சர், மாருதி 800, ஆல்டோ என்று தேடுவதில் குறை ஒன்றும் கிடையாது. இவற்றுக்குச் சாமான் கிடைக்கும், திருத்தத் தெரிந்த பாஸ்மாரும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். இஞ்சின், கியர் பெட்டி, ஏசி, ஷொக் எல்லாம் காசோடு முடிகிற காரியம். கறள் தின்ற உடம்பும் கோளாறான புத்தகமும் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) அப்படியல்ல, எவ்வளவு கொட்டினாலும் நேராகாது. கீழே நான் சொல்கிற எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

“முதல்ல எதைப் பாக்கிற? பொனற்றைத் திறந்து இஞ்சினையா?”

முதலில் புத்தகம், அடுத்தது காரின் அடிப்பக்கம், மூன்றாவதுதான் இஞ்சின். கார் பார்க்கப் போவதற்கு முன்பே புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரின் காரைப் பார்க்க அக்கரைப்பற்றுக்குப் பெற்றோல் எரித்துப் போகத் தேவையில்லை.

எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பொனற்றைத் திறந்து, கழுவித் துடைத்த இஞ்சினைப் பார்த்து மனம் விழுந்த பிறகு, மற்றக் குறையெல்லாம் கண்ணில் படாது.

“கறள் எந்தப் பழைய காருக்கும் இருக்கும்தானே. எவ்வளவு இருந்தா விட்டிட்டு வாற?”

நம்முடைய ஊர் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடி, காத்தான்குடி, காரைதீவு, நிந்தவூர் என்று கடற்கரையோரமாகவே வீடுகள். இரவெல்லாம் உப்புக்காற்று காரில் படிகிறது. மாரியில் சேறும் சேர்ந்து அடியில் ஒட்டி மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அதனால் மேலே மினுங்குகிற காரும் கீழே பொரித்த அப்பளம் மாதிரி இருக்கலாம்.

கதவின் கீழ் விளிம்பிலோ பின்சில்லு வளைவிலோ நாணயமளவு கொப்பளம் இருந்தால் பயப்பட வேண்டாம், அது டிங்கர் வேலையோடு முடியும். விட்டுவிட்டு வரவேண்டியது காரின் பாரத்தைத் தாங்கும் இடங்களில் உள்ள கறள். முன் ஷொக்கின் தலை பொனற்றுக்குள் வந்து பூட்டப்பட்டிருக்கும் கோபுரம், ஜக் வைக்கும் விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், பின் அச்சு பூட்டியிருக்கும் இடம், தரைத்தகடு. ஒரு ரோச் லைட்டும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுபோங்கள். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று கேட்கும். கறள் தின்ற தகடு பலகையில் தட்டியது போல் மந்தமாகக் கேட்கும், தூளும் கொட்டும். பிரேக் குழாய்களையும் பாருங்கள். கறள் செதிள் செதிளாகப் பூத்திருந்தால் அதை மாற்றாமல் ஒரு கிலோமீற்றரும் ஓடக்கூடாது.

நான் முதன்முதலில் வாங்கியது ஒரு சனி எப்.பி. 13. இஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடும். அந்தச் சத்தத்திலேயே விலை பேசிவிட்டேன். ஒரு நாள் பின்சீற்றில் இருந்த மகளின் கையிலிருந்து 5 ரூபாக் குற்றி காலடியில் விழுந்தது. கார்பெட்டைத் தூக்கினேன். குற்றி அங்கே இல்லை, உள்ளங்கை அகலத்துக்குத் தார் ரோடு தெரிந்தது. பிள்ளை கால் வைத்திருந்த இடத்தில் தகடே இல்லை, பழைய கார்பெட் மட்டும்தான். அன்றிலிருந்து எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் முதலில் கார்பெட்டைத்தான் தூக்குகிறேன்.

“அடிப்பக்கம் புதிசா கறுப்புத் தார் அடிச்சிருக்கு. நல்லதுதானே?”

வாங்கிய பிறகு நீங்கள் அடித்தால் நல்லது. விற்கப்போகிற நேரத்தில் அவர் அடித்திருந்தால், எதை மறைக்க அடித்தார் என்று பார்க்கவேண்டும். மேலே சொன்ன தட்டுச் சோதனையைத் தாருக்கு மேலேயும் செய்யலாம்.

பெயின்ற் அடித்த மேலுடம்புக்குக் காந்தம் வையுங்கள். பெயின்ற் சுரண்டுப்படாமல் இருக்க மெல்லிய துணியில் சுற்றிய சிறிய காந்தம் போதும். தகட்டில் ‘டக்’ என்று பிடிக்கும், பட்டி கனமாகப் பூசிய இடத்தில் வழுகி விழும். பம்பர் பிளாஸ்ரிக், அதில் எப்படியும் பிடிக்காது.

“வெள்ளத்துல நிண்ட கார் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற? கழுவி வச்சா தெரியாதுதானே?”

2011 ஜனவரி வெள்ளம் மட்டக்களப்பையும் அம்பாறையையும் மூழ்கடித்ததை மறந்திருக்க மாட்டோம். 2024 நவம்பரிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அப்போது நின்ற கார்கள் இன்றும் ஓடுகின்றன, விற்கப்படுகின்றன. கார் கழுவுகிறவனின் கை போகாத இடங்களில்தான் அடையாளம் இருக்கும்.

சீற் பெல்ட்டை முழுநீளத்துக்கும் இழுத்து வெளியே எடுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் தண்ணீர் காருக்குள் வந்திருக்கிறது. டிக்கியில் ஸ்பெயார் சில்லைத் தூக்கி அந்தக் குழியைத் தடவுங்கள். விரலில் மாவு மாதிரி மெல்லிய வண்டல் ஒட்டும். சீற்றைத் தாங்கும் தண்டவாளத்தின் ஆணிகளில் கறள், டாஷ்போட்டுக்கு அடியில் வயர் பூட்டுகளில் பச்சை பூத்த செம்பு, ஹெட்லைட்டுக்குள் கோடு போட்ட மாதிரி அழுக்கு எல்லாம் அதே கதையைத்தான் சொல்லும். கண்ணாடியை மூடி, ஏசி போடாமல் ஐந்து நிமிடம் உள்ளே இருந்து பாருங்கள். ஈரச்சாக்கு நாற்றம் வரும். காருக்குள் வாசனைத் திரவியம் அளவுக்கு மிஞ்சி அடித்திருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

வெள்ளத்தில் நின்றதை ஒளிக்காமல் சொல்லி, விலையையும் குறைத்துத் தருகிறவரிடம் மாருதி 800 போன்ற எளிய கார் என்றால் யோசிக்கலாம். கம்பியூட்டரும் சென்சரும் நிறைந்த கார் என்றால் வேண்டாம். வயரிங் கோளாறு ஒரு வருடம் கழித்தும் வரும், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வரும்.

“மீற்றர் 85 ஆயிரம்தான் காட்டுது. ஒரே டொக்டர் ஓடின காராம். நம்பலாமா?”

மீற்றரை நம்பாதீர்கள், தேய்மானத்தை நம்புங்கள். 25 வருடத்தில் 85 ஆயிரம் கிலோமீற்றர் என்றால் நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீற்றரும் இல்லை. அப்படியான கார்கள் உண்டு, ஆனால் மிகக் குறைவு. பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுப்பாகி ஓரம் தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங் பளபளக்கிறதா, சாரதி சீற்றின் கதவுப்பக்க விளிம்பு குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெடல் ரப்பர் மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். எங்கள் கடையில் அது மலிவான சாமான், அதை யார், எப்போது வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. ‘நேற்றுத்தான் புது ரயர் போட்டேன்’ என்பவர் எவ்வளவு தூரம் உண்மை சொல்கிறார் என்பதை அதில் பார்த்துவிடலாம்.

“நம்பர் பிளேட்ட வச்சு எந்த வருசக் கார் எண்டு சொல்லேலாதா?”

பதிந்த காலத்தை மட்டும் மட்டிடலாம். பழைய ‘ஸ்ரீ’, பிறகு வெறும் இலக்கங்கள், 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு ஆங்கில எழுத்துகள். ஆனால் யப்பானில் சில வருடம் ஓடி இங்கே வந்து பதிந்த கார்கள்தான் நம்மிடம் அதிகம். புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு ஒரு கட்டத்திலும், முதல் பதிவுத் திகதி இன்னொரு கட்டத்திலும் இருக்கும். விலை பேசும்போது உற்பத்தி ஆண்டைத்தான் பாருங்கள். ‘2002 கார்’ என்று சொல்லி, உள்ளே 1998 என்று இருந்தால் அது 1998 கார்தான்.

“புத்தகம் இருக்கு, ஆனா விக்கிறவர்ர பேர்ல இல்ல. ஓப்பன் பேப்பர் தாறாராம். பரவாயில்லையா?”

இதுதான் அதிகம் பேர் விழுகிற குழி. ஓப்பன் பேப்பர் என்றால், புத்தகத்தில் பெயர் உள்ளவர் எப்போதோ வெற்றுப் படிவங்களில் ஒப்பம் வைத்துக் கொடுத்துவிட்டார், அந்தப் படிவம் மூன்று நான்கு பேரின் கைமாறி உங்களிடம் வருகிறது. உங்களுக்கு விற்கிறவர் சட்டப்படி அந்தக் காருக்கு யாருமே இல்லை. புத்தகத்தில் உள்ளவர் இன்று எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா, ஒப்பம் அவருடையதுதானா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. விபத்து நடந்தால் பொலிசும் நீதிமன்றமும் தேடுவது புத்தகத்தில் உள்ள பெயரை.

முறையான வழி இதுதான். புத்தகத்தில் பெயர் உள்ளவரே நேரில் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, உங்கள் முன்னால் ஒப்பம் வைக்கவேண்டும். பழைய உரிமையாளர் கொடுக்க வேண்டியது எம்.டி.ஏ. 8 படிவம், புதிய உரிமையாளர் விண்ணப்பிப்பது எம்.டி.ஏ. 6. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைக் கொடுத்துப் புத்தகம் உங்கள் பெயருக்கு வரும்வரை ஓயாதீர்கள். ‘பிறகு மாற்றலாம்’ என்று லாச்சிக்குள் போட்டுவைத்து, ஏழு வருடம் கழித்து விற்க வெளிக்கிட்டபோது, புத்தகத்தில் உள்ள ஆள் வெளிநாட்டில் என்று அறிந்து தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

புத்தகத்தில் உள்ள இஞ்சின் நம்பர், சசி (அடிச்சட்டம்) நம்பர் இரண்டையும் காரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து நீங்களே ஒப்பிடுங்கள். பெற்றோல் கொரோலா 110 என்றால் சசி நம்பர் பெரும்பாலும் ஏ.ஈ.110 என்று தொடங்கும். எழுத்துகள் வரிசை தப்பியோ, சுற்றித் தகட்டில் அராவிய அடையாளத்தோடோ இருந்தால் மரியாதையாக விடைபெற்று வாருங்கள். நிறமும் புத்தகத்தில் இருக்கும். வெள்ளைக் கார் என்று எழுதியிருக்க முன்னால் நீலக் கார் நின்றால், அந்த மாற்றத்தை அவரே பதிந்து முடித்துத் தரட்டும். இஞ்சின் மாற்றிய காருக்கும் இதுவே.

“லீசிங் கட்டி முடிஞ்சுதாம், கடிதம் பிந்தி வருமாம். காசக் குடுக்கலாமா?”

கொடுக்கவேண்டாம். புத்தகத்தில் முற்றான உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும்வரை கார் கம்பனியினுடையது. விடுவிப்புக் கடிதம் கையில் வந்து, அந்தப் பெயர் நீங்கிய பிறகு பேசுங்கள். பாக்கி இருந்தால் விற்பவரோடு நீங்களும் கம்பனிக்குப் போய், உங்கள் காசில் பாக்கியை நேரடியாக அங்கேயே கட்டி, மிச்சத்தை அவரிடம் கொடுப்பது ஒரு வழி.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதியையும் பாருங்கள். இரண்டு மூன்று வருடம் கட்டாமல் விட்டிருந்தால் அந்த நிலுவையும் தண்டமும் பிரதேச செயலகத்தில் உங்கள் தலையில்தான் விழும்.

“எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. இஞ்சினை நான் என்னண்டு பாக்கிற?”

உங்கள் கண், காது, மூக்கு போதும், நேரத்துக்குப் போகவேண்டும் அவ்வளவுதான். காலையில், கார் குளிர்ந்திருக்கும்போது போங்கள். பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முதல் யாரோ ஓட்டி இளக்கி வைத்திருக்கிறார்கள்.

குளிர்ந்த நிலையில் றேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடான இஞ்சினில் ஒருபோதும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே பச்சை அல்லது சிவப்பு கூலன்ற் தெளிவாக இருந்தால் சந்தோசம். துருநிறத் தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். கடற்கரைக் கிணறுகளில் உவர்த் தண்ணீர். அது றேடியேற்றரின் நுண்குழாய்களில் சுண்ணாம்பு படியவைத்து, உள்ளிருந்தே அரிக்கும். நான் வாரத்துக்கு இரண்டு றேடியேற்றராவது விற்பதற்கு இது ஒரு காரணம். தண்ணீரின் மேல் ஒயில் மிதந்தாலோ, ஒயில் மூடிக்கு அடியில் பால் கலந்த கோப்பி நிறத்தில் பசை இருந்தாலோ, இஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் இடையில் இருக்கும் ஹெட் கஸ்கெற் போயிருக்கலாம்.

பிறகு ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ‘ஒன்’ நிலைக்கு மட்டும் திருப்புங்கள். செக் இஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணையவேண்டும். சாவி போட்டும் அந்த விளக்கு எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நீலப் புகை, ஒயில் எரிகிறது. கறுப்புப் புகை, பெற்றோல் கூடுதலாகப் போகிறது. வெள்ளை ஆவி காலையில் கொஞ்சம் வருவது வழமை. சூடான பிறகும் இனிப்பு மணத்தோடு வந்துகொண்டே இருந்தால் கூலன்ற் எரிகிறது. சந்தேகம் தீராவிட்டால் விற்பவரின் சம்மதத்தோடு புகைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதியுங்கள். வருடாந்தம் எப்படியும் எடுக்கவேண்டியது, செலவும் பெரிதில்லை.

“ஓடிப் பாக்கக் குடுக்கிறார். ஒரு ரவுண்ட் ஓடினாக் காணும்தானே?”

காணாது. நம்முடைய ஊர் தட்டை. கல்லடிப் பாலத்தின் ஏற்றம்தான் நமக்கு மலை. களைத்த இஞ்சினும் அடைபட்ட றேடியேற்றரும் தட்டை நிலத்தில் வருடக்கணக்கில் நல்ல பிள்ளையாக ஓடும். செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை தாண்டிப் பதுளைக்கு ஏறும்போதோ, வெல்லவாயவிலிருந்து எல்ல ஏறும்போதோதான் சூட்டு முள் மேலே போகும். அப்போது காருக்குள் குடும்பமே இருக்கும்.

அதனால் மத்தியான வெயிலில் ஒரு மணித்தியாலம் கேளுங்கள். காரைதீவுச் சந்தியிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் வயல்வெளி வீதியில் 70இல் ஓடுங்கள். ஸ்டியரிங் நடுங்குகிறதா, கையை இலேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். பிறகு சந்தையடி நெரிசலில், ஏசியை முழுதாகப் போட்டு இருபது நிமிடம் ஊர்ந்து ஓடுங்கள். சூட்டு முள் நடுவுக்கு மேலே போகக்கூடாது. பிறகு குன்றும் குழியுமான ஒழுங்கை ஒன்றில், ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியைத் திறந்து மெல்ல ஓடுங்கள். ‘டொக் டொக்’ சத்தம் கேட்டால், சில்லுப் பக்கத்து ‘போல் ஜொயின்ற்’, ‘புஷ்’ மாற்றுகிற செலவு. அது பெரிய குறையில்லை, விலையில் கழிக்கலாம். கைக்கியர் என்றால் ஹாண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாம் கியரில் கிளச்சை மெல்ல விடுங்கள். இஞ்சின் நின்றால் கிளச் பிடிக்கிறது. நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தால் கிளச் தேய்ந்துவிட்டது.

“கடையில வந்தா எல்லாரிட்டயும் ‘பெல்ட்டா செயினா’ எண்டு கேக்கிறீங்க. ஏன்?”

வால்வுகளையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கிற டைமிங் பெல்ட்டைத்தான் கேட்கிறேன், சில இஞ்சினில் அதற்குப் பதில் செயின் இருக்கும். கொரோலா 110இன் 5ஏ இஞ்சினுக்கு டைமிங் பெல்ட். 121இன் 1என்.இசட். இஞ்சினுக்குச் செயின். சனி எப்.பி. 14, 15க்கும் செயின். மாருதி 800க்கு பெல்ட். பெல்ட் என்றால் டொயோட்டாவுக்கு ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றியதற்கு ரசீது அல்லது இஞ்சினில் ஒட்டிய ஸ்டிக்கர் கேளுங்கள். ‘மாற்றியிருக்கு’ என்ற வாய்ச்சொல் கணக்கில்லை, ஏனென்றால் மீற்றரே நம்பமுடியாதது என்று மேலே பார்த்தோம். பெல்ட் அறுந்தால் சில இஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். சந்தேகமான காரை வாங்கினால், முதல் கிழமையிலேயே பெல்ட், டென்ஷனர், வோட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். கழற்றும் கூலி ஒருமுறையோடு முடியும்.

“வீட்டில மனிசி ஓடப்போறா, ஓட்டோ கியர் வேணும். பழைய ஓட்டோ கியர் பயமில்லையா?”

பயப்பட வேண்டாம், சோதியுங்கள். குளிர்ந்த இஞ்சினில் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ‘டீ’யில் (D) போடுங்கள். ஒரு விநாடிக்குள் மெல்லப் பிடிக்கவேண்டும். மூன்று விநாடி யோசித்து ‘டொம்’ என்று பிடித்தால் வேண்டாம். கியர் ஒயில் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். சிவப்பாக, மணமில்லாமல் இருந்தால் நல்லது. கறுத்து, கருகிய மணம் வந்தால் உள்ளே கிளச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. அதற்குப் புது ஒயில் மருந்தாகாது. ஓடப்போகிறவரையே கூட்டிக்கொண்டுபோய் ஓடவிடுங்கள். சீற் உயரம், பெடலின் தூரம் எல்லாம் அவருக்குத்தான் பொருந்தவேண்டும்.

“ஏசிக்கு ‘காஸ் மட்டும் போட்டாச் சரி’ எண்டு சொல்றார்.”

காஸ் தானாகக் குறையாது, எங்கேயோ ஒழுகுகிறது. நம்முடைய பக்கம் உப்புக்காற்றில் முன்னால் இருக்கும் கொண்டன்சர்தான் முதலில் அரிக்கும். ‘சரி, நீங்களே போட்டுக் காட்டுங்கோ, ஒரு கிழமை கழிச்சு வாறன்’ என்று சொல்லிப் பாருங்கள்.

“அதே காசுக்குப் பழைய அக்வா, பிரியஸ் வருது. பெற்றோல் மிச்சம்தானே?”

பெற்றோல் மிச்சம் உண்மை. ஆனால் ஹைபிரிட் பட்டறியின் மிச்ச ஆயுளைத்தான் நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள். அக்வாவில் 20 துண்டுகள் சேர்ந்தது ஒரு பட்டறி, மூன்றாம் தலைமுறைப் பிரியசில் 28. நிக்கல் வகைப் பட்டறிக்கு வெப்பம் எதிரி, கச்சான் காற்றுக் காலத்து மட்டக்களப்பு வெயிலை நான் சொல்லத் தேவையில்லை. பழுதான ஒன்றிரண்டு துண்டை மட்டும் மாற்றி விற்கிற வழக்கம் உண்டு. சில மாதத்தில் அடுத்த துண்டு போகும். ஸ்கேனர் வைத்திருக்கும் ஹைபிரிட் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோய், ஓடும்போதே துண்டுகளின் வோல்ட் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்சீற்றின் பக்கத்தில் பட்டறிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தையும் பாருங்கள். தூசியும் மயிரும் அடைத்துக் கிடந்தால் அந்தப் பட்டறி வெந்துகொண்டே ஓடியிருக்கிறது. வெள்ளத்தில் நின்ற ஹைபிரிட்டை எந்த விலைக்கும் எடுக்கவேண்டாம்.

“கொழும்புக் கார் வாங்கிறதா, நம்மட ஊர்க் கார் வாங்கிறதா?”

‘கொழும்புக் கார் நல்லா வச்சிருப்பாங்க’ என்று ஒரு பேச்சு இருக்கிறது. கொழும்பும் கடலோரம்தான். நெரிசலில் நின்று நின்று ஓடியதால் மீற்றருக்கு மிஞ்சி இஞ்சினும் கிளச்சும் தேய்ந்திருக்கும். எனக்குப் பிடித்தது கண்டி, குருநாகல் பக்கத்துக் கார்கள், அடித்தகடு சுத்தமாக இருக்கும். ஆனால் யாருடைய கார் என்று தெரிந்து, எந்தக் கராஜில் விட்டார் என்று அந்தப் பாஸிடமே கேட்டறியக்கூடிய ஊர்க்கார், இவை எல்லாவற்றிலும் மேல்.

“நல்ல பாஸ் ஒருத்தரக் கூட்டிப் போனா இவ்வளவும் நான் பாக்கத் தேவையில்லதானே?”

பாஸைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், ஆனால் நீங்கள் தேடிப் பிடித்த பாஸை. புரோக்கர் ‘நம்மட பாஸ்தான் காக்கா, பயப்படாதீங்க’ என்று அழைத்து வருகிறவர் புரோக்கருடைய ஆள். கார் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே கூலி என்று முதலே பேசி, கையில் கொடுத்துவிடுங்கள். கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அமுக்கம், பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரின் அளவு மற்றவற்றை விடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் காரணம் கேளுங்கள். புத்தகத்தைப் பாஸ் பார்க்கமாட்டார், அது உங்கள் வேலை.

“எல்லாம் பாத்தாச்சு, சின்னச் சின்னக் குறைதான். எவ்வளவு குறைச்சுக் கேக்கிற?”

குறைகளை எழுதிக்கொண்டு எங்களைப் போன்ற கடைக்கு வந்தால் சாமானின் விலை சொல்வோம். பாஸிடம் கூலி கேளுங்கள். இரண்டையும் கூட்டி, தாளைக் காட்டி, அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள். அதற்கும் மேலே, காரின் விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் ஆறு மாதத்துக்கென்று கையில் வையுங்கள். முழுக்காசையும் காருக்கே கொடுத்துவிட்டு, ரயர் வாங்கக் கடன் கேட்டு வருகிறவர்களைப் பார்க்க மனம் பொறுக்குதில்லை.

வெள்ளாமை வெட்டிக் காசு கையில் வருகிற பெப்ரவரி, மார்ச்சில் அவசரப்படாதீர்கள். எல்லாரும் தேடுகிற நேரம், ஒருவரும் விலை குறைக்கமாட்டார்கள்.

“விக்கிறது என்ர சொந்த மாமா. அவர்ர காரை இப்பிடித் தட்டித் தட்டிப் பாத்தா மனம் நோகாதா?”

கொஞ்சம் நோகும். ஆனால் பார்க்காமல் வாங்கி, மூன்றாம் மாதம் கியர் பெட்டி போய், அதற்குப் பிறகு கலியாண வீட்டில் முகம் கொடுக்காமல் திரிகிற நோவு பெரிது. இரண்டு குடும்பங்கள் அப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன். ‘மாமா, பாஸ் ஒராள் பாத்துச் சொன்னாத்தான் வீட்டில ஓம் எண்டுவா’ என்று மனைவியின் மேல் போட்டுக் கேளுங்கள், பெரியவர்கள் அதை விளங்கிக்கொள்வார்கள். மாமாவுக்கே தெரியாத குறை காரில் இருக்கலாம்.

காலஞ்சென்றவரின் காரை அவரின் பிள்ளைகள் விற்றால், சொந்தமென்றாலும் முதலில் அவர்கள் தங்கள் பெயருக்குப் புத்தகத்தை மாற்றட்டும். இறந்தவரின் ஒப்பத்தோடு வரும் ஓப்பன் பேப்பரைத் தொடவேண்டாம்.

“அட்வான்ஸ் குடுத்திட்டன் அண்ணே. இப்பதான் இதை வாசிக்கிறன். என்ன செய்யிற?”

இன்னும் பிந்தவில்லை. எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை என்றால் இன்றே ஒரு தாளில் கார் நம்பர், சசி நம்பர், கொடுத்த தொகை, திகதி எழுதி, ‘புத்தகமோ கார் பரிசோதனையோ சரிவராவிட்டால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்’ என்று ஒரு வரி சேர்த்து ஒப்பம் கேளுங்கள். மறுத்தாலும் பரிசோதனையை விடாதீர்கள். அட்வான்ஸ் போனால் போகட்டும், முழுக்காசும் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கே ரோச் லைட்டோடு போங்கள். காரை ஸ்டார்ட் பண்ணி வைக்கவேண்டாம் என்று இன்று இரவே போனில் சொல்லி வையுங்கள்.